நாங்கள் என்கிற நான்

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு பெண்ணைக் காதலிப்பது என்று முடிவு செய்தேன். பதறாதீர்கள். பெண் என் மனைவிதான்.

ஏமாந்து போனவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் தெரியாது. அவளையே சரியாகப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மாலையில் போய் ஊர் அடங்கியபிறகு திரும்புகிறவன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் போய் மாலையில் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளை அவளுடைய விடைத்தாள் கட்டுகள் தின்றுவிடும். அவள் உள்ளே வரும் நேரம் நான் வெளியே போவேன். வாசலில் சாவி கைமாறும். அப்போது விரல் படும். வருஷம் முழுவதும் எங்கள் இல்லறம் அந்தச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

'நாங்கள்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'நாம்' என்று எழுதினால் நீங்களும் எங்களோடு குடியிருப்பதாக ஆகிவிடும். 'நாம்' என்றால் கேட்கிற ஆளும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்கிற ஆள் வெளியே. பார்க்கப்போனால் சின்ன வித்தியாசம். நான் குப்புற விழுந்தது அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான்.

கல்யாணமான புதிதில் அவள் வாயில் 'நாம' தவிர வேறு வார்த்தை வராது. "நாம எங்கயாவது போலாமா?" "நாம ஒரு செடி வாங்கி வைக்கலாமா?" எங்கள் தெருக்கோடியில் ஒரு குளம். அதன் கரையில் ஒரு கல் பெஞ்சு. சாயங்காலம் அங்கே உட்கார்ந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொள்வோம். நான் உடைப்பேன், அவள் தின்பாள். பொட்டலம் காலியானதும், "அடடா, நீங்க ஒண்ணுகூடச் சாப்பிடலையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நான் தின்னாமல் இருப்பேன். பிறகு குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்தது. பெஞ்சு செடிகொடிக்குள் காணாமல் போனது. எனக்கு மாலை ஷிப்டு வந்தது. அந்தக் கேள்வியை அவள் கேட்பது நின்றுபோனது.

அதனால்தான் இந்த வருஷ லீவை எல்லாம் சேர்த்து வைத்தேன். காய்ச்சல் வந்தபோதுகூட வேலைக்குப் போனேன். அவள் விடுமுறையும் என் லீவும் ஒரே நாளில் தொடங்கின. அன்று காலை வழவழவென்று சவரம் செய்துகொண்டு, படிய வாரிக்கொண்டு, சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"என்னங்க, வழியை மறைச்சுட்டு நிக்கறீங்க?"

"சும்மா உன்னைப் பாக்கலாம்னு."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு மாசம் முழுக்க லீவு எனக்கு. உனக்கும் லீவு."

"அதைப் பத்தித்தான் நானும் பேசணும்னு இருந்தேன்," என்றாள்.

என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

"தங்கச்சி குடும்பத்தோட வர்றா. மாசக் கடைசி வரைக்கும் இருப்பாங்க. நீங்க லீவுல இருக்கறது எவ்வளவு வசதியாப் போச்சு பாருங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசல் மணி அடித்தது.

மச்சினி வந்தாள். அவள் கணவர், அதாவது என் சகலை, வந்தார். ஓர் இடத்தில் நிற்காத இரட்டைப் பிள்ளைகள் வந்தன. "நாங்க வந்துட்டோம்," என்றார் சகலை. அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய பெட்டி என் கால் விரல் மேல் இருந்தது.

சகலை லிப்ட் பழுதுபார்ப்பவர். தொழிலில் மேலும் கீழும் நிறையப் பார்த்தவர். அதை எல்லாம் என்னிடம் சொல்லி முடிக்க அவருக்கு அந்த மாதம் பற்றவில்லை. அக்காவும் தங்கையும் பேசுவதற்கு ஓர் அறை வேண்டுமாம். பிள்ளைகளும் அங்கேயே. எனக்கும் சகலைக்கும் ஹாலில் பாய். அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே நானும் இந்தப் பக்கம் கொஞ்சம் சிரித்துக்கொள்வேன்.

பகலிலாவது கண்ணில் படுவாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை.

"நாங்க துணிக்கடைக்குப் போய்ட்டு வர்றோம். நீங்க சகலையோட பேசிட்டு இருங்க."

"நாங்க சினிமாவுக்குப் போறோம். டிக்கெட் நாலுதான் கிடைச்சுது."

"நாலுன்னா யார் யாரு?"

"நாங்கதான்."

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே காதில் கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. ஒரு தடவை, "நானும் வர்றேனே," என்றேன். "வீட்ல சகலை தனியா இருப்பாரே," என்றாள். சகலையின் தனிமையைப் பற்றி அந்த வீட்டில் எல்லோருக்கும் கவலை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம்.

"நீங்களும் சகலையும் பசங்களை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நாங்க மரம் நடறோம்."

"மரமா? எந்த நாங்க?"

"சங்கம்."

சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு நலச் சங்கம் உண்டு. அந்த மாதம்தான் அதற்குப் புதுத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. யாரும் முன்வரவில்லை. கூட்டத்தில் என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தாளாம். எழுந்தவளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவே அவளைத் தலைவி என்று கூப்பிடுகிறது.

பழைய பாட்டுகளில் தலைவன் பிரிந்து போவான், தலைவி வீட்டிலிருந்து ஏங்குவாள். எங்கள் சங்க காலம் வேறு. தலைவி சங்கத்துக்குப் போய்விட்டாள். தலைவன் நான் வீட்டிலிருந்து ஏங்கினேன். அகத்தில் இருக்க வேண்டியவள் முழுநேரமும் புறத்தில் இருந்தாள். தலைவிக்காவது ஆறுதல் சொல்லத் தோழி இருப்பாள். எனக்குச் சகலைதான் இருந்தார்.

மிருகக்காட்சி சாலையில் ஒரு கூண்டில் ஒற்றைக் கரடி உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், கூப்பிட்டார்கள். அது திரும்பவே இல்லை. கூண்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதோட ஜோடியை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க சார்," என்றார் காவலாளி. "அன்னிலேருந்து இப்படித்தான்."

கரடி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். "வாங்க சகலை, அடுத்தது ஒட்டகச்சிவிங்கி. அதுக்குள்ள லிப்ட் வைக்கலாம்," என்று இழுத்துக்கொண்டு போனார் சகலை. எனக்குக் கரடியை விட்டு வர மனசே இல்லை.

மரம் முடிந்ததும் தலைவி குளத்தைப் பிடித்துக்கொண்டாள். நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். ஒரு மாடியில் கேட்டால் இன்னொரு மாடிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே லிப்ட் வேலை செய்யவில்லை. சகலையைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் லிப்டைச் சரி செய்தாள். அந்த நன்றியில் பொறியாளர் இறங்கி வந்தார். "செடியையும் சேத்தையும் நீங்க வாரிக் கரையில போடுங்க. திங்கக்கிழமை காலையில லாரி வரும். விளக்கும் போட்டுத் தர்றேன். அதெல்லாம் கரைக்கு வரலேன்னா லாரி வேற தெருவுக்குப் போயிடும்," என்றாராம்.

ஆக, கடைசி ஞாயிற்றுக்கிழமை குளம்.

எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும். மச்சினி குடும்பம் சனிக்கிழமை ரயில் ஏறுகிறது. திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஷிப்டு, பழையபடி சாவி. மாதம் முழுக்கப் போனாலும் போகட்டும், அந்த ஒரு நாளாவது என் கைக்கு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை குளம்."

"இல்ல, நடுவுல நமக்குன்னு அந்த ஒரு நாள்தானே இருக்கு."

"அதான் நானும் சொல்றேன். அந்த ஒரு நாளும் இல்லேன்னா குளம் என்ன ஆயிருக்கும்?"

கணக்கு டீச்சரிடம் நாள் கணக்குப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

அன்று மத்தியானம் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "நோட்டீஸ் எழுதியிருக்கேன். உங்க அச்சகத்துலயே அடிச்சிடலாம். பிழை இருந்தா பாருங்க."

பார்த்தேன்.

*நம் குளம் தூர்ந்து கிடக்கிறது. நாம் வாருவோம். ஞாயிறு காலை வாரீர்.*

பிழை இல்லை. வருவதற்கும் 'வாரீர்', வாருவதற்கும் 'வாரீர்' என்று அழகாகவே எழுதியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. இதைப் படித்தால் தெருவே திரண்டு வரும். இருட்டும் வரை வாருவார்கள். அவள் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுவாள். விடிந்தால் பள்ளிக்கூடம்.

அப்போதுதான் அந்தத் துர்ப்புத்தி வந்தது. 'நாம்' என்றால்தானே படிக்கிறவனும் உள்ளே? 'நாங்கள்' என்று போட்டுவிட்டால் படிக்கிறவன் வெளியே. யாரோ வாரப்போகிறார்கள், நமக்கென்ன என்று வீட்டிலேயே இருந்துவிடுவான். குளக்கரையில் ஈ காக்கை இருக்காது. தலைவி சிறிது நேரம் பார்த்துவிட்டு மனசு வெறுத்துப் போவாள். பக்கத்தில் நான் இருப்பேன். "விடும்மா, வா வீட்டுக்குப் போலாம்" என்பேன். மீதி ஞாயிறு முழுவதும் எங்களுடையது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிழைகளை எடுத்திருக்கிறேன். போட்டது இந்த ஒன்றுதான். 'நாம்' என்பதை அடித்து, சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'நாங்கள்' என்று எழுதினேன்.

"ஒரே ஒரு பிழை. திருத்திட்டேன்," என்றேன்.

"என்ன பிழை?"

"இலக்கணம். சங்கத்து சார்பா போடறப்போ நாங்கள்னுதான் வரணும்."

காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். வகுப்பில் பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதியவனை அவள் இப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன்.

"இலக்கணத்துல நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "நானே அச்சகத்துல குடுத்துட்டு வர்றேன். நீங்க வெயில்ல அலைய வேணாம்."

எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். அச்சான நோட்டீசை நான் பார்க்கவில்லை. தப்புச் செய்தவன் எதற்கு அந்தப் பக்கம் போகப்போகிறான்?

சனிக்கிழமை எல்லோரையும் ரயில் ஏற்றினோம். சகலை கண் கலங்கிவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு, "சகலை, நாம ரெண்டு பேரும் ஒரு மாசம் ஒண்ணா இருந்ததை மறக்கவே முடியாது," என்றார். மாதம் முழுவதும் நான் காத்துக்கிடந்த அந்த 'நாம' கடைசியில் சகலை வாயிலிருந்துதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முன் நெற்றியில் நரை கொஞ்சம் கூடியிருந்தது. இது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாவி கொடுக்கும்போது யார் நெற்றியைப் பார்க்கிறார்கள்? தேநீர் ஆறும் வரை அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலை அவளே வந்து என்னை எழுப்பினாள்.

"என்னங்க, நாம குளத்துக்குப் போலாமா?"

"என்ன சொன்னே?"

"குளத்துக்குப் போலாமான்னேன்."

"அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னியே."

"நாம."

எனக்கு உலகமே மறந்துவிட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினேன். வழியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பக்கத்தில் நடந்தாள். தெருவில் ஒரு சுடுகுஞ்சுகூட இல்லை. திட்டம் பலித்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

தெருவில் ஏன் ஆள் இல்லை என்பது குளக்கரை திரும்பியதும் தெரிந்தது. அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குடை பிடித்திருந்தார்கள். பிளாஸ்கில் தேநீர் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கை தட்டினார்கள்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒத்த ஆளா இறங்கறதுக்கு ஒரு நெஞ்சுரம் வேணும் சார்."

"யாரு இறங்கறா?"

"என்ன தன்னடக்கம் பாரு," என்றார் தன் மனைவியிடம்.

அவர் பையில் நோட்டீஸ் தெரிந்தது. பிடுங்கிப் படித்தேன்.

*நம் குளம் தூர்ந்து கிடக்கிறது. நாங்கள் வாருவோம். ஞாயிறு காலை வாரீர்.*
*இப்படிக்கு,*
*நாங்கள்*
*(தலைவியின் கணவர்)*

திரும்பினேன். தலைவி ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் கூடையுமாக நின்றாள்.

"நாங்கள்னு போட்டா யாருன்னு சொல்லணும் இல்லீங்களா? அதுதானே இலக்கணம்," என்றாள்.

ஞாயிறு, காலை வாரிவிட்டாள்.

வெள்ளைச் சட்டையோடு இறங்கினேன். முதல் அடியில் ஒரு செருப்பு போனது. இரண்டாவது அடியில் இன்னொன்று அதைத் தேடிக்கொண்டு போனது. ஓர் ஆகாயத்தாமரையைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை, நான் போனேன். கரையில் நல்ல சிரிப்பு. எழுந்து மறுபடி இழுத்தேன். செடியின் தலை மட்டும் கையோடு வந்தது.

"அப்படி இழுக்கக்கூடாது சார்," என்று பல் டாக்டர் கரையிலிருந்து கத்தினார். "அடியில பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டணும். அப்புறம் எடுக்கணும்."

ஆட்டினேன். நான்தான் ஆடினேன்.

"ஐயோ, பார்க்க முடியல," என்று பேண்டை மடித்துக்கொண்டு டாக்டர் இறங்கிவிட்டார். ஆட்டி ஒரே இழுப்பு. வேரோடு வந்தது. வலிக்கவில்லையே என்று செடியைக் கேட்காத குறைதான்.

"கூடையை இப்படியா தூக்குவாங்க?" என்று பேக்கரிக்காரர் இறங்கினார். "கயிறு கட்டி இழுத்தா சுளுவா வருமே," என்று லாரி டிரைவர் ஒருவர் வந்தார். நான் ஒரு வேலையைத் தப்பாகச் செய்ய, அதைச் சரியாகச் செய்து காட்ட ஓர் ஆள் இறங்கினார். நான் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். மத்தியானத்துக்குள் மடக்கு நாற்காலிகளில் ஆள் இல்லை. பிழை திருத்துவதில் மனிதர்களுக்கு எவ்வளவு ஆசை என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் செடியும் சேறும் கரையில் மலையாகக் கிடந்தன. குளத்தில் தண்ணீர் தெரிந்தது. கொடிகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கல் பெஞ்சு வெளியே வந்தது. ஒரு மூலை உடைந்திருந்தது, மற்றபடி அதேதான். எல்லோரும் என் முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் போய் அதில் உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். அவள் புடவையும் முழங்கால் வரை சேறு.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீங்க பேனாவை எடுத்தப்பவே. பிழை இல்லாத இடத்துல யாராவது வட்டம் போடுவாங்களா?"

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். மரம் நட்டப்போ 'நாம் நடுவோம்'னுதான் நோட்டீஸ் போட்டேன். எல்லாரும் மத்தவங்க போவாங்கன்னு வீட்லயே இருந்துட்டாங்க. நானும் பல் டாக்டரும்தான் குழி தோண்டினோம். ஒருத்தர் தனியா மாட்டிக்கிட்டார்னா தெருவே வேடிக்கை பாக்க வரும். வந்தவங்களால சும்மா உக்கார முடியாது. உங்க திருத்தத்தைப் பாத்ததும்தான் அது தோணுச்சு."

நானும் சொல்லிவிட்டேன். "எனக்கு உன்கூட ஒரு நாள் வேணும்னு இருந்துச்சு. வருஷம் பூரா அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் என் காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள்.

"இந்த பெஞ்சு யாருக்காக வேணும்னு நான் அந்த மாடிப்படி எல்லாம் ஏறி இறங்கினேன்னு நினைக்கறீங்க? சகலைக்காகவா?" என்றாள். "நாம உக்கார்றதுக்குத்தானே."

"எந்த நாம?"

"நீங்களும் நானும்."

பையில் கை விட்டேன். பொட்டலம் நனைந்து ஊறிப்போயிருந்தது. பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தின்றாள். கடைசிக் கடலையைத் தின்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடடா, நீங்க ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

இதற்காக இன்னொரு குளத்தைக்கூட வாரலாம் என்று இருந்தது. அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அடுத்த ஞாயிறும் நாம இங்க வரலாமா?"

"அடுத்த ஞாயிறு மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கற சாக்கடை. நோட்டீஸ்கூட அடிச்சாச்சு."

"அதுல என்ன போட்டிருக்கே, நாம்னா, நாங்கள்னா?"

"உங்க திருத்தம்தான்," என்றாள் தலைவி, தோளிலிருந்து தலையை எடுக்காமல். "நான் கை வைக்கவே இல்ல."